தூரிகைக்காரர்கள் – 9: பெயரை இழந்த ஓவியர்

எஸ்கொயர் பத்திரிகைக்கு 1940இல் ஒரு தலைவலி. சென்ற வாரம் பார்த்தோமே, ஜார்ஜ் பெட்டி... அவர் வரையும் பெண்களுக்காகவே பத்திரிகை வாங்கியவர்கள் ஏராளம். அது பெட்டிக்கும் தெரியும். அவர் கேட்ட தொகை ஏறிக்கொண்டே போக, பதிப்பாளர் டேவிட் ஸ்மார்ட் மலிவாக வேறு ஆள் தேடினார். அகப்பட்டவர் ஆல்பர்டோ வர்காஸ். வயது 44, கையில் வேலை இல்லை. வாரம் 75 டாலர் என்றதும் தலையாட்டிவிட்டார்.

பெரு நாட்டின் அரெகிப்பா நகரில் 1896இல் பிறந்தவர் வர்காஸ். அப்பா பெயர்பெற்ற புகைப்படக்காரர். ஏர்பிரஷ் பிடிக்க மகனுக்குக் கற்றுத் தந்தவரும் அவர்தான். ஐரோப்பாவில் படித்துக்கொண்டிருந்த பையன், உலகப்போர் காரணமாகக் கிளம்பி 1916இல் நியூயார்க் வந்தார். மதிய இடைவேளையில் அலுவலகங்களிலிருந்து பிராட்வேயில் திபுதிபுவென வெளியே வந்த பெண்களைப் பார்த்ததும், ஊர் திரும்பும் எண்ணமே போய்விட்டதாம். 1919 முதல் புகழ்பெற்ற சீக்ஃபெல்ட் ஃபாலீஸ் மேடை நிகழ்ச்சியின் நட்சத்திரங்களை வரைந்தார். நடனக்காரி அன்னா மேயை 1930இல் மணந்தார். பிறகு ஹாலிவுட். 1939இல் தொழிற்சங்கத்தாரோடு சேர்ந்து வார்னர் ஸ்டுடியோவிலிருந்து வெளிநடப்பு செய்தார். அதன்பின் எந்த ஸ்டுடியோவும் அவரைச் சேர்க்கவில்லை.

அவர் கைவண்ணத்தின் சூட்சுமம் தோலில் இருக்கிறது. வாட்டர்கலரை நீர்க்கக் கரைத்துப் பூச்சு மேல் பூச்சாக ஏற்றுவார், பிறகு ஏர்பிரஷ். காற்றழுத்தத்தில் சாயம் பனிப்புகையாகப் படியும். தூரிகை இழுத்த தடமே இருக்காது. தோள்பட்டை வளைவில் வெளிச்சம் முடிந்து நிழல் தொடங்கும் இடத்தை விரல் வைத்துக் காட்ட முடியாது.

அக்டோபர் 1940 இதழில் முதல் படம் வந்தது. ஓவியரின் பெயரில் கடைசி எழுத்தை ஸ்மார்ட் வெட்டிவிட்டதால், படத்தின் பெயர் ‘வர்கா கேர்ள்’. போர் வந்ததும் அவள் ராணுவ முகாம்களின் சுவரெங்கும் ஏறினாள். குண்டுவீச்சு விமானங்களின் மூக்கிலும் வீரர்கள் அவளை வரைந்துகொண்டார்கள். 1943இல் தபால் துறைக்குக் கோபம் வந்தது. இந்த மாதிரிப் படங்கள் போடும் பத்திரிகைக்குச் சலுகைக் கட்டணம் கிடையாது என்றது. சலுகை போனால் ஆண்டுக்கு ஐந்து லட்சம் டாலர் கூடுதல் செலவு. எஸ்கொயர் உச்ச நீதிமன்றம் வரை போய், 1946இல் ஜெயித்தது.

அதே ஆண்டு வர்காஸும் எஸ்கொயரும் பிரிந்தார்கள். 1944இல் அவர் போட்டிருந்த கையெழுத்து அப்போதுதான் வேலையைக் காட்டியது. படங்கள் மட்டுமல்ல, ‘வர்கா’ என்ற பெயரும் என்றென்றைக்கும் பத்திரிகைக்கே சொந்தம் என்றது அந்த ஒப்பந்தம். அவர் கொடுத்துவிட்டு வந்த படங்கள், ஓவியர் பெயரே இல்லாமல் ‘எஸ்கொயர் கேர்ள்’ என்று அச்சாயின. வழக்குப் போட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 1947இல் கைவிரித்தது: பெயர் போட வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்லவில்லை, படைப்பாளிக்கு ஐரோப்பா தரும் தார்மீக உரிமை அமெரிக்கச் சட்டத்தில் இல்லை. படத்தைக் காப்பாற்ற ஒரு வழக்கு, வரைந்தவரை மறைக்க இன்னொன்று. இரண்டிலும் எஸ்கொயருக்கே வெற்றி!

பல வருட வறட்சிக்குப் பின் கைகொடுத்தவர், ஒருகாலத்தில் எஸ்கொயரில் விளம்பர வாசகம் எழுதிக்கொண்டிருந்த ஹியூ ஹெஃப்னர். அவருடைய பிளேபாயில் 1960களில் தொடர்ந்து வரைந்தார்; கீழே ‘வர்காஸ்’ என்று முழுப் பெயர். 1974இல் அன்னா மே இறந்ததும் வரைவதை ஏறக்குறைய நிறுத்திக்கொண்டார். ‘தி கார்ஸ்’ ராக் குழுவின் 1979 இசைத்தட்டு உறைக்காக மட்டும், 83 வயதில் மறுபடி உட்கார்ந்தார். 1982 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் காலமானார்.

சுவரில் குத்திவைக்கும் இந்தப் ‘பின்-அப்’ பெண் படங்கள் என்றாலே ஆண் வரைவான், பெண் நிற்பாள் என்பதுதான் கணக்கு. கண்ணாடி முன் தானே மாடலாக நின்று, தன்னையே வரைந்த ஸோயி மோசர்ட் அந்தக் கணக்கை மாற்றினார். எப்படி? அடுத்த வாரம்.

(தொடரும்)