தொட்டால்தான் தொல்லையா?

திருத்துறைப்பூண்டியிலிருந்து செய்தி ஒருகாலத்தில் பேருந்தில்தான் போனது. நிருபர் வெள்ளைத்தாளில் எழுதி, படத்தையும் சேர்த்துக் கவரில் போட்டு ஒட்டி, சாயங்காலம் பேருந்து நிலையத்துக்கு வந்து தஞ்சாவூர் வண்டியிலோ திருச்சி வண்டியிலோ நடத்துநரிடம் கொடுத்துவிடுவார். அந்தப் பக்கம் பத்திரிகை ஆபீஸ் ஆள் வந்து வாங்கிக்கொள்வார். அப்புறம் ஃபேக்ஸ் கடை வந்தது. கொலை, விபத்து, ஆற்றில் தண்ணீர் வரவில்லையென்று மறியல், கோயில் தேர் எல்லாவற்றையும் பெரும்பாலும் ஆண்களே போய்ப் பார்த்தார்கள், ஆண்களே எழுதினார்கள், ஆண்களே திருத்தினார்கள். ‘எங்கள் காலத்தில் இந்தத் தொழிலில் இப்படியொரு தொல்லை கிடையாது’ என்று சில மூத்தவர்கள் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். பெண்கள் செய்தியில் இருந்தார்கள். செய்தி எழுதுகிற மேசையில் இல்லை. அப்புறம் தொல்லை எங்கே தெரியும்?

இன்று நிலைமை வேறு. உள்ளூர் கேபிள் சேனலில் செய்தி வாசிப்பவர், யூடியூப் சேனலுக்கு மைக் பிடித்துக்கொண்டு கொள்முதல் நிலையத்தில் நெல் நனைந்ததைக் கேட்பவர், மாவட்டப் பக்கத்துக்குப் பகுதிநேரமாகச் செய்தி அனுப்புபவர் என்று டெல்டாவில் பெண்கள் வந்துவிட்டார்கள். பக்கத்தில் திருவாரூரிலேயே, 2009இல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகத்தில், ஊடகவியல் படிக்க முடிகிறது. இவர்களில் ஒருவருக்கு ராத்திரி பதினொரு மணிக்கு மேலதிகாரியிடமிருந்து ஒரு படமோ வீடியோவோ வந்தால் அது தொல்லையா, வெறும் ‘ஃபார்வர்டு’தானா? கேமரா முன் நிற்கும்போது காலர் மைக்கைத் தானே மாட்டிக்கொள்கிறேன் என்ற பிறகும் ஒருவர் கிட்டே வந்து மாட்டிவிட்டால்? இந்தக் கேள்விகளுக்கு இன்று எழுத்தில் பதில் இருக்கிறது. அது எழுத்தாகிற வரைக்கும் வேறு வேறு ஊர்ப் பெண்கள் கொடுத்த விலை பெரியது.

முன்பு இருந்ததெல்லாம் 1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தின் 354, 509 பிரிவுகள். பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைந்ததா, விளைவிக்கும் எண்ணம் அந்த ஆணுக்கு இருந்ததா என்பதுதான் அவற்றின் அளவுகோல். 1988 ஜூலையில் சண்டிகரில் நடந்த ஒரு விருந்தில் பஞ்சாப் காவல்துறைத் தலைவர் கே.பி.எஸ். கில் தன் பின்புறத்தில் தட்டினார் என்று ஐ.ஏ.எஸ். அதிகாரி ரூபன் தியோல் பஜாஜ் புகார் கொடுத்தார். உயர்நீதிமன்றம் வழக்கையே ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 1995இல் அதற்கு உயிர் கொடுத்தது, 1996இல் தண்டனை வந்தது, அது உறுதியானது 2005இல். மாநில அரசின் மூத்த அதிகாரிக்கே பதினேழு வருஷம். வரிக்கணக்கில் காசு வாங்கும் ஒரு நிருபர் அந்தப் படியில் ஏறியிருப்பாரா?

ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன அரசுத் திட்டப் பணியாளர் பன்வாரி தேவி 1992இல் கூட்டு வன்புணர்வுக்கு ஆளானார். 1995இல் கீழ் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை வன்புணர்வுக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அந்த வேதனையிலிருந்து பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போனதன் விளைவுதான் 1997 ஆகஸ்ட் 13இல் வந்த விசாகா தீர்ப்பு. பணியிடத்தில் நடக்கும் பாலியல் தொல்லை பெண்ணின் சமத்துவ உரிமையையும் வாழ்வுரிமையையும் பறிக்கிறது என்று முதன்முதலாக அங்கே சொல்லப்பட்டது. இரண்டு வருஷம் கழித்து, 1999இல், ஏ.கே. சோப்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொன்றையும் தெளிவாக்கியது: உடலைத் தொட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

வழக்கம் என்று சொல்லப்பட்ட ஒன்றைக் குற்றம் என்று ஒப்புக்கொள்ள வைப்பது எங்கள் வட்டாரத்துக்குப் புதிதில்லை. பண்ணையாட்களுக்குச் சவுக்கடியும், சாணியைக் கரைத்துப் புகட்டும் சாணிப்பாலும் ‘முறை’யாக இருந்த மண் இது. பி. சீனிவாசராவ் தலைமையில் 1940களில் விவசாயத் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டு, மிராசுதாரர்களை உட்காரவைத்து ஒப்பந்தம் போட்டு அதை நிறுத்தினார்கள். அவர் நினைவிடம் திருத்துறைப்பூண்டியில் இருக்கிறது. அடித்தவருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததா என்று அன்று யாரும் விசாரித்துக்கொண்டிருக்கவில்லை. முதுகில் விழுந்த அடியே போதுமானதாக இருந்தது.

பெண்கள் விஷயத்தில் அந்தத் தெளிவு வர 2013 ஆனது. பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் அந்த பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி டிசம்பர் 9இல் நடைமுறைக்கு வந்தது. இடையில், மார்ச் மாதம், சென்னையில் ஒரு பெரிய தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சியின் செய்தி வாசிப்பாளர் தன் மேலதிகாரிமீது காவல்துறையில் புகார் கொடுத்தார், அந்த அதிகாரி கைதானார். தமிழ் ஊடகத்துக்குள் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தது அன்று வெளியே வந்தது. அதே சமயம், அந்தப் பெண்ணின் நடத்தை பற்றிய பேச்சும் உடனே கிளம்பியது. புகார் வந்த மறுநிமிடம் புகார் சொன்னவள் எப்படிப்பட்டவள் என்று பார்க்கும் பழக்கம் இன்றும் போகவில்லை.

சட்டம் ஐந்து வகைகளைச் சொல்கிறது: விரும்பாத தொடுதலும் நெருங்குதலும், பாலியல் இணக்கம் கேட்பது, பாலியல் சாயலோடு பேசுவது, ஆபாசப் படம் காட்டுவது, இவை தவிர விரும்பத்தகாத எந்தப் பாலியல் நடத்தையும், சொல்லாலோ சைகையாலோ. எல்லாவற்றுக்கும் அடியில் நிற்பது அவள் விரும்பவில்லை என்பது. அதோடு வேலையை வைத்து மிரட்டுவதும் ஆசை காட்டுவதும் சேர்கிறது. ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டா பிரைம் டைம் புல்லட்டின் உனக்குத்தான்’ என்பதும் தொல்லை. மாட்டேன் என்ற மறுநாளிலிருந்து நல்ல அசைன்மென்ட் எதுவும் வராமல் போவதும், ராத்திரி ஷிஃப்டிலேயே பேர் விழுவதும் தொல்லை. திரையில் தெரியும் உடம்பைப் பற்றி எடிட்டிங் அறையில் நாலு பேர் சிரித்துப் பேச, அந்த அறைக்குள் போகவே அவள் கூசுவதும் இதில் அடங்கும். பணியிடம் என்றால் ஆபீஸ் கட்டடம் மட்டும் இல்லை. வேலையாகப் போகிற இடமெல்லாம், நிறுவனம் அனுப்பும் வண்டியும்கூடப் பணியிடம்தான்.

எது இதில் வராது என்பதையும் சொல்ல வேண்டும். செய்தியில் ஊர்ப் பேர் தப்பாகிவிட்டதென்று ஆசிரியர் சத்தம் போடுவது, ‘இது செய்தியே இல்லை’ என்று தூக்கிப் போடுவது, டெட்லைனுக்கு விரட்டுவது ஆகியவை கடுமையாக இருக்கலாம், பாலியல் தொல்லை ஆகாது. இரண்டு பேர் விரும்பிப் பழகுவதும் ஆகாது. ஆனால் அந்தச் சத்தம் அவள் மறுத்த பிறகுதான் தொடங்கியதென்றால் கணக்கு மாறிவிடுகிறது. ஒரு விசாரணைக் குழு கூர்ந்து பார்க்க வேண்டியது இந்தத் தேதி வரிசையைத்தான்.

2018 ஏப்ரல் 17ஐ எடுத்துக்கொள்வோம். அருப்புக்கோட்டைக் கல்லூரி மாணவிகளைத் தவறான வழிக்கு அழைத்த ஒலிப்பதிவு விவகாரம் பற்றிப் பேச ஆளுநர் பன்வாரிலால் புரோகித் ராஜ்பவனில் செய்தியாளர்களை அழைத்திருந்தார். முடிவில் கேள்வி கேட்ட ‘தி வீக்’ இதழின் லட்சுமி சுப்பிரமணியனுக்குப் பதில் சொல்லாமல் கன்னத்தில் தட்டினார். எதிர்ப்பு கிளம்பியதும் மறுநாள் மன்னிப்புக் கடிதம் எழுதினார். பேத்தியாக நினைத்து, நல்ல கேள்வியைப் பாராட்டித் தட்டினேன் என்றார். மன்னிப்பை ஏற்ற லட்சுமி, அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. அவர் செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன். அவர் அங்கே போனது பேத்தியாக இல்லை, நிருபராக. பேத்தி, தங்கச்சி, ‘அண்ணன் மாதிரி நினைச்சுக்கம்மா’ என்று உறவு சொல்லித் தொடுவது நம்மூரில் வெகு சாதாரணம் என்பதால்தான் அந்த நாள் முக்கியமானது. அதே வாரம் நடிகர் எஸ்.வி. சேகர் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவொன்றை முகநூலில் பகிர்ந்தார். 2024 பிப்ரவரியில் சென்னை சிறப்பு நீதிமன்றம் அவருக்கு ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. 2025 ஜனவரியில் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

அந்த ஜனவரியிலேயே நீதிபதி ஆர்.என். மஞ்சுளா இன்னொரு வழக்கில் தந்த தீர்ப்பை ஒவ்வொரு செய்தி ஆபீஸிலும் ஒட்டி வைக்கலாம். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவன அதிகாரி, பெண் ஊழியர்களின் பின்னால் மிக நெருங்கி நின்றார், தோளைத் தொட்டார் என்று புகார். மேற்பார்வை என் வேலை என்றார் அவர். தொழிலாளர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. உயர்நீதிமன்றம் அதை மாற்றி, செய்தவர் என்ன எண்ணத்தில் செய்தார் என்பதைவிட, அந்தப் பெண்ணுக்கு அது எப்படி இருந்தது என்பதே முதன்மை என்றது. சண்டிகர் விருந்திலிருந்து இந்தத் தீர்ப்புவரை அளவுகோல் கை மாறிய தூரம் இவ்வளவுதான். ஆனால் அதற்கு முப்பத்தாறு ஆண்டுக்கு மேல் பிடித்தது.

அந்த அளவுகோல் திருத்துறைப்பூண்டிக்கு வந்து சேர்ந்ததா என்று கேட்டால் எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. 2018 அக்டோபரில் மீடூ அலையில், பத்திரிகை ஆசிரியராக இருந்த எம்.ஜே. அக்பர் மத்திய அமைச்சர் பதவியை விட்டார். அடுத்த மாதம், நவம்பர் 16இல், கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி எங்கள் தென்னைகளைச் சாய்த்தது. கரண்ட் இல்லாத ராத்திரிகளில் செய்தி சேகரிக்க வந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். சென்னை நிறுவனத்திலிருந்து வந்தவருக்குப் பின்னால் ஒரு புகார்க் குழு சட்டப்படி இருந்தாக வேண்டும். அவருக்கு வழி காட்டிய உள்ளூர்ப் பகுதிநேர நிருபருக்கு? ஓர் அடையாள அட்டை, ஒரு வாட்ஸ்அப் குழு, அனுப்பிய செய்திக்கு ஏதோ ஒரு தொகை. தொல்லை கொடுப்பவர் சேனலின் முதலாளியாகவே இருக்கலாம். ஒரு கட்சிக்காரராக, ஒரு அதிகாரியாக, ‘நியூஸ் வேணும்னா நேர்ல வாம்மா’ என்பவராக இருக்கலாம். ஊர் சின்னது, மறுநாளும் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும்.

இவருக்கும் சட்டத்தில் இடம் உண்டு, அதுதான் பலருக்கும் தெரியாமல் கிடக்கிறது. சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், ஒப்பந்தக்காரர், பயிற்சியாளர், தன்னார்வலர் எல்லோரும் அதன்படி ஊழியர்களே. பத்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடமென்றால், அல்லது புகார் முதலாளிமீதே என்றால், மாவட்டத்தின் உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போகலாம். வெளியாள் தொல்லை கொடுத்தால் போலீஸ் நடவடிக்கைக்கு உதவுவது நிறுவனத்தின் கடமை. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் தருவார்கள். எழுத முடியாதவருக்கு எழுத உதவ வேண்டும். விசாரணை தொண்ணூறு நாளில் முடிய வேண்டும். நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் புகாரைப் பொய் என்று முத்திரை குத்திவிட முடியாது.

ஒவ்வொரு தாலுக்காவிலும் நகராட்சியிலும் ஒரு பொறுப்பு அலுவலர் இருந்து, வாங்கிய புகாரை ஏழு நாளில் அந்தக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்பதும் சட்டம். சட்டம் வந்து பதினோரு வருஷம் கழித்து, 2024 டிசம்பரில், இந்த நியமனங்களை முடியுங்கள் என்று உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு மறுபடி உத்தரவிட வேண்டி வந்தது. திருத்துறைப்பூண்டி தாலுக்கா அலுவலக வாசலிலும் நகராட்சி வாசலிலும் அந்த அலுவலரின் பெயரும் தொலைபேசி எண்ணும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். பட்டா மாறுதலுக்கு என்னென்ன தாள் வேண்டும் என்று எழுதிப்போடும் அதே சுவரில், உள்ளே நுழையும்போதே கண்ணில் படுகிற உயரத்தில். எங்கள் ஊர்ச் செய்தியாளர் சங்கங்கள் அடுத்த மனுவில் முதல் கோரிக்கையாக இதைக் கேட்கட்டும்.