வீட்டுத் தோட்டத்திற்கான நெல்லி இரகங்கள்

தமிழில் நெல்லி என்ற பெயர் ஒரே மரத்தைக் குறிப்பதன்று. எனவே வீட்டுத் தோட்டத்தில் நெல்லி வைக்க விரும்புவோர் முதலில் பெருநெல்லியா, அருநெல்லியா என்று முடிவு செய்ய வேண்டும். இரகத் தேர்வு அதற்குப் பின்னரே. மரம் காய்க்கப் பல ஆண்டுகள் ஆவதால் தவறான தேர்வு உடனே தெரிவதில்லை. மனையிடம் குறைந்ததும் புயலுக்கு உள்ளாவதுமான புதுச்சேரியில் இத்தேர்வு மேலும் கவனத்திற்குரியது.

பெயர் வேறுபாடுகள்

பெருநெல்லியின் தாவரவியல் பெயர் பில்லாந்தஸ் எம்ப்ளிகா. லேகியம், ஊறுகாய், தேன்நெல்லி ஆகியவற்றுக்குப் பயன்படுவது இதுவே. அருநெல்லி அல்லது அரைநெல்லி எனப்படும் பில்லாந்தஸ் அசிடஸ் சிறிய மரம். வரிகளுடன் கூடிய வெளிர்மஞ்சள் காய்கள் கிளைகளில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். கீழாநெல்லி அதே பேரினத்தைச் சேர்ந்த சிறு மூலிகைச் செடி, பழத்திற்காக வளர்க்கப்படுவதில்லை.

ஐரோப்பாவில் கூஸ்பெரி எனப்படுவது ரைபீஸ் இனத்தைச் சேர்ந்த முட்புதர். நெல்லிக்கும் அதற்கும் உறவில்லை. அது நன்கு பூத்துக் காய்க்க நீண்ட குளிர்காலம் தேவை. எனவே பிரெஞ்சு ஆட்சி நடந்த ஊராயினும் புதுச்சேரியின் வெப்பத்திற்கு அது ஏற்றதன்று.

பெருநெல்லி இரகங்கள்

• பனாரசி: முன்பருவத்தில் முதிரும் பெரிய காய், காய்ப்பு குறைவு.
• சக்கையா: பின்பருவ இரகம், நார் மிகுந்த, சற்றுத் தட்டையான காய்.
• பிரான்சிஸ்: தொங்கும் கிளைகள் கொண்டது, காயின் உட்சதை கறுக்கும் குறைபாடு இதில் அதிகம்.
• கிருஷ்ணா: பனாரசியின் நாற்றிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது, நார் குறைந்த பெரிய காய்.
• காஞ்சன்: சக்கையாவின் நாற்றிலிருந்து வந்தது, நடுத்தரக் காய், நல்ல காய்ப்பு.
• என்.ஏ.7: பிரான்சிஸின் நாற்றிலிருந்து வந்தது; பெண் பூக்கள் மிகுதி. காய்ப் பாரத்தால் கிளைகள் முறிவதுண்டு.
• பி.எஸ்.ஆர்.1: தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பவானிசாகர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டது.

கிருஷ்ணா, காஞ்சன், என்.ஏ.7 ஆகியவை உத்தரப் பிரதேசத்தின் அயோத்தி (முன்னர் பைசாபாத்) மாவட்டத்திலுள்ள நரேந்திர தேவா வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வெளியீடுகள்.

மகரந்தச் சேர்க்கை

பெருநெல்லியில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே மரத்தில் தனித்தனியாகப் பூக்கும். ஆயினும் தன் மகரந்தத்தால் காய் பிடிப்பது குறைவு. ஒற்றை மரம் நிறையப் பூத்தும் காய்க்காமல் நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆகவே இரு இரகங்களை அருகருகே நடுவது நல்லது. அதற்கு இடமில்லையெனில் அண்டை வீட்டில் வேறு இரகம் இருந்தாலும் போதும். அல்லது ஒரே மரத்தின் கிளையொன்றில் இரண்டாவது இரகத்தை ஒட்டுக்கட்டலாம்.

புதுச்சேரிச் சூழல்

பெருநெல்லி ஓரளவு உவர் மண்ணையும் வறட்சியையும் தாங்கும். நீர் தேங்குவதைத் தாங்காது. கடற்கரையை ஒட்டிய மணற்பகுதியிலும் காலாப்பட்டுப் பக்கச் செம்மண்ணிலும் மட்கிய எரு சேர்த்து வளர்க்கலாம்.

காற்றே பெரிய இடர். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மரம் காய்ப் பாரத்துடன் நிற்கக்கூடும். 2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலில் ஏராளமான மரங்கள் சாய்ந்தன. எனவே என்.ஏ.7 வளர்ப்போர் இளமையிலேயே நான்கைந்து வலுவான கிளைகளை மட்டும் எல்லாத் திசைகளிலும் பரவ விட்டு, மற்றவற்றைக் கவாத்து செய்ய வேண்டும். காய்த்த கிளைகளுக்கு முட்டுக் கொடுப்பதும் உதவும். மதில், மின்கம்பி ஆகியவற்றை ஒட்டி நடக்கூடாது.

கன்று வாங்கும்போது

விதையிலிருந்து வளரும் பெருநெல்லி தாய்மரத்தின் குணத்தை அப்படியே கொண்டிருக்காது. காய்க்கவும் கூடுதல் காலம் எடுக்கும். ஒட்டுக்கன்று 4–5 ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். ஒட்டுப்பகுதி தெளிவாகத் தெரியும் கன்றையே வாங்க வேண்டும். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பவற்றை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும். இல்லையெனில் வேர்ச்செடியே மரமாகி, வாங்கிய இரகம் அழிந்துவிடும்.

பெருநெல்லிக்கு மரத்துக்கு மரம் சுமார் 6 மீட்டர் இடைவெளி தேவை. அந்த இடம் உள்ள மனைகளில் என்.ஏ.7 உடன் கிருஷ்ணா அல்லது காஞ்சன் வைக்கலாம். சிறு முற்றம் மட்டுமே உள்ள வீடுகளுக்கு, விதையிலிருந்தே எளிதாக வளரும் அருநெல்லி பொருத்தமானது.