அடிக்கடி ஊருக்குப் போய் வர்றீங்களா? டிராலி பெட்டி வாங்கும் முன் இந்த 3 இடங்களைப் பாருங்க!

ஞாயிற்றுக்கிழமை இரவு தஞ்சாவூர் ஜங்ஷனுக்குப் போய்ப் பாருங்கள். உழவன் எக்ஸ்பிரஸுக்காக நிற்கிற கூட்டத்தில் பலர் கையில் டிராலி பெட்டி இருக்கும். சென்னையில் வேலை, இல்லாவிட்டால் படிப்பு. வார இறுதிக்கு வந்துவிட்டுத் திரும்புகிறவர்கள். பெட்டிக்குள் துணி மட்டுமா இருக்கும்? வீட்டு வயலில் விளைந்த அரிசி, அம்மா காயவைத்த வடகம், ஊறுகாய் பாட்டில், கும்பகோணம் காபித்தூள் எல்லாம் இருக்கும். ஊருக்கு வரும்போது 5 கிலோ இருந்த பெட்டி, திரும்பும்போது 20 கிலோ ஆகிவிடும்.

அந்தப் பெட்டி கடையில் இருக்கும்போது உடைவதில்லை. விடியற்காலையில் சென்னையில் இறங்கி, நடைமேம்பாலப் படியில் ஏறும்போதுதான் கைப்பிடி கையோடு வந்துவிடும். போன பொங்கலுக்கு எனக்கும் இப்படித்தான் ஆச்சு. கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் பாதி தூரம் நடந்த பிறகு ஒரு சக்கரம் கழன்று உருண்டு ஓடியது. மீதி தூரம் பெட்டியைத் தோளில் சுமந்தேன். அதை வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

சென்னைக்குப் போகிறவர்களுக்கு இது ஒரு நாள் அவதியோடு முடிந்துவிடும். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்களுக்கு அப்படியில்லை. தஞ்சாவூர், திருவாரூர், பட்டுக்கோட்டை, மன்னார்குடி பக்கமிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களில் பலர் திருச்சி விமான நிலையம் வழியாகத்தான் கிளம்புகிறார்கள். அங்கே ஜிப் பிளந்தாலோ எடை கூடினாலோ, கவுன்ட்டர் முன்னாலேயே பெட்டியைத் திறந்து, எதை எடுத்துப்போவது, எதை விட்டுவிட்டுப் போவது என்று முடிவெடுக்க வேண்டும்.

அப்படியென்றால் நல்ல பெட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது? விளக்கமாகப் பார்க்கலாம்.

முதலில் உடைவது எது?

கடைக்குப் போனால் நாம் முதலில் பார்ப்பது நிறத்தையும் ஓட்டையும்தான். விற்பவரும் ஓட்டைத் தட்டிக் காட்டி, 'உடையவே உடையாது சார்' என்பார். அவர் சொல்வது பெரும்பாலும் உண்மை. பெட்டியின் ஓடு அவ்வளவு சீக்கிரம் உடைவதில்லை. ஆயுள் முடிவது அநேகமாக வேறு 3 இடங்களில்: சக்கரம், இழுக்கிற கைப்பிடி, ஜிப். அசைகிற பாகங்கள் இவைதான். எல்லா எடையும் இறங்குவதும் இவற்றின் மேல்தான். அதனால் கடையில் 10 நிமிஷம் செலவழித்தால், அதில் 8 நிமிஷம் இந்த மூன்றுக்கே கொடுங்கள்.

ஏபிஎஸ், பிபி, பிசி... என்ன வித்தியாசம்?

ஓட்டைப் பற்றியும் சுருக்கமாகத் தெரிந்துகொள்வோம். கடினப் பெட்டிகள் பெரும்பாலும் 3 வகை பிளாஸ்டிக்கில் வருகின்றன.

* ஏபிஎஸ்: விலை குறைவு, பார்க்க விறைப்பாக இருக்கும். பலமாக அடிபட்டால் வளையாமல் விரிசல் விடும்.
* பாலிபுரோப்பிலீன் (பிபி): எடை குறைவு. அழுத்தினால் வளைந்து, விட்டால் பழைய நிலைக்கு வரும். நடுத்தர பட்ஜெட்டுக்கு நல்ல தேர்வு.
* பாலிகார்பனேட் (பிசி): அடி தாங்குவதில் மூன்றிலும் வலுவானது. விலையும் அதிகம்.

ஏபிஎஸ்ஸும் பாலிகார்பனேட்டும் கலந்த பெட்டிகளும் உண்டு. 'பாலிகார்பனேட்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும், உள்ளே ஒட்டியிருக்கும் லேபிளில் முழுசாகவா, கலவையா என்று பாருங்கள்.

ஒரு எளிய சோதனை: பெட்டியின் நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள். கொஞ்சம் உள்வாங்கி உடனே திரும்பி வந்தால் நல்லது. பாறை மாதிரி அசையாமல் இருப்பதை வலு என்று நினைத்துவிட வேண்டாம்.

துணிப் பெட்டி என்றால் 'டெனியர்' என்ற எண்ணைப் பாருங்கள். 9,000 மீட்டர் நீள நூலின் எடை எத்தனை கிராமோ, அதுதான் டெனியர். எண் கூடினால் நூல் தடிமன். ஆனால் ஒரே டெனியரில் பாலியெஸ்டரைவிட நைலான் தேய்மானத்தை அதிகம் தாங்கும். டெல்டாவில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை வெளுத்து வாங்கும் என்பதால், துணிப் பெட்டி வாங்கினால் மழை உறையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

2 சக்கரமா, 4 சக்கரமா?

நான்கு பக்கமும் சுழலும் 4 சக்கரப் பெட்டிதான் இப்போது எல்லாருக்கும் பிடிக்கிறது. விமான நிலையத்தின் வழவழப்பான தரையில் ஒரு விரலால் தள்ளிக்கொண்டு போகலாம். ஆனால் நம் பயணம் அங்கேயா ஆரம்பிக்கிறது? கிராமத்துத் தெரு, செம்மண் சாலை, பேருந்து நிலையத்தின் உடைந்த தரை, ரயில் நிலையப் படிகள் எல்லாம் தாண்டித்தான் அங்கே போகிறோம்.

சுழலும் சக்கரம் ஒரு மெல்லிய அச்சில் தொங்குகிறது. பள்ளத்தில் விழும்போது மொத்த எடையும் அந்த அச்சில் பக்கவாட்டில் இறங்கும். முறிவது அங்கேதான். 2 சக்கரப் பெட்டியில் சக்கரம் ஓட்டோடு பாதி பதிந்திருக்கும், விட்டமும் பெரிதாக இருக்கும், அடி நேராக வாங்காது. ஓடுகிற பேருந்திலும் ரயிலிலும் தானாக உருண்டு போகாது என்பது கூடுதல் வசதி. கரடுமுரடான வழி அதிகம் என்றால் 2 சக்கரமே மேல். 4 சக்கரம்தான் வேண்டும் என்றால், ஒவ்வொரு மூலையிலும் இரட்டைச் சக்கரம் உள்ளதாகப் பாருங்கள்.

அடுத்தது முக்கியமான விஷயம். உள்ளே துணியை விலக்கிப் பார்த்தால், சக்கரம் ஸ்குரூ போட்டு மாட்டியிருக்கிறதா, ரிவெட் அடித்திருக்கிறதா என்று தெரியும். ஸ்குரூ என்றால் கழற்றி மாற்றலாம். ரிவெட் என்றால் அதை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். 'சக்கரம் தனியாகக் கிடைக்குமா?' என்று கடையிலேயே கேளுங்கள். இந்தக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் வந்தால், அந்தப் பெட்டி கூடுதலாகச் சில வருஷம் ஓடும்.

கைப்பிடியை எப்படிச் சோதிப்பது?

கைப்பிடியை முழுசாக இழுத்துவிட்டு, இடது வலமாக ஆட்டிப் பாருங்கள். லேசான ஆட்டம் எல்லாப் பெட்டியிலும் இருக்கும். லொடலொட என்று ஆடினால் வேண்டாம். பித்தானை 10 முறை அழுத்தி ஏற்றி இறக்குங்கள். ஒரு முறை சிக்கினாலும் வேறு பெட்டி எடுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று, தூக்குவதற்கு மேலேயும் பக்கவாட்டிலும் உள்ள சின்னக் கைப்பிடிகள். படியேறும்போதும் பேருந்தில் ஏற்றும்போதும் அதைத்தான் பிடிக்கிறோம். நீட்டிய இழுகைப்பிடியைப் பிடித்து 20 கிலோவைத் தூக்கினால், உள்ளே இருக்கும் குழாய் வளைந்துவிடும். அது இழுக்க மட்டும்தான்.

ஜிப்: ஒரு பேனா போதும்

சாதாரணச் சுருள் ஜிப்பை, பூட்டு போட்டிருந்தாலும், பால்பாயின்ட் பேனா முனையால் குத்திப் பிளந்துவிட முடியும். பிறகு பூட்டோடு சேர்த்து ரன்னரை ஒரு முறை நகர்த்தினால் பழையபடி மூடிக்கொள்ளும், திறந்த தடயமே இருக்காது. நகையோ பணமோ எப்போதும் கைப்பையில்தான் இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். இரட்டை அடுக்குச் சுருள் ஜிப்பை இப்படிப் பிளப்பது கடினம். ஜிப்பே இல்லாமல் கிளிப் பூட்டு போடும் பெட்டிகளும் உண்டு, ஆனால் எடை கூடும்.

'டி.எஸ்.ஏ. பூட்டு இருக்கு' என்று கூடுதல் விலை சொல்வார்கள். அது அமெரிக்க விமான நிலையப் பாதுகாப்பு ஊழியர்கள் தங்கள் சாவியால் திறப்பதற்கான ஏற்பாடு. சென்னைக்கும் ஷார்ஜாவுக்கும் போகிறவர்கள் அதற்காகவே பணம் சேர்த்துக் கொடுக்க வேண்டியதில்லை.

ரயிலுக்கு எந்த சைஸ்? விமானத்துக்கு எந்த சைஸ்?

ரயிலில் இலவசமாகக் கொண்டுபோகும் எடை, ஸ்லீப்பரில் 40 கிலோ, இரண்டாம் வகுப்பில் 35 கிலோ. பெட்டியின் அளவுக்கும் வரம்பு உண்டு: பொதுவாக 100 x 60 x 25 செ.மீ. இதில் கடைசி எண்ணைக் கவனியுங்கள். கடையில் 'லார்ஜ்' என்று விற்கும் பெட்டிகள் பலவும் 30 செ.மீ. தடிமன் இருக்கும். அதை சீட்டுக்கு அடியில் தள்ளவும் முடியாது, நடைபாதையில் வைத்தால் இரவு முழுக்கத் திட்டு வாங்க வேண்டும். ரயிலுக்கு மீடியம் சைஸே சரி.

விமானத்தில் உள்ளே அனுப்பும் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பது பரவலான விதி. டிக்கெட்டைப் பொறுத்து மொத்த எடை 20, 25, 30 கிலோ என்று மாறும். ஆனால் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் பெரும்பாலான விமான நிறுவனங்கள் எடுக்காது. தூக்குகிற ஊழியரின் முதுகைக் காப்பாற்ற வைத்த விதி அது. எனவே காலிப் பெட்டியின் எடையைக் கட்டாயம் பாருங்கள். காலியாகவே 5 கிலோ இருக்கும் பெட்டிக்கும் 3.5 கிலோ பெட்டிக்கும் உள்ள வித்தியாசம், ஒன்றரைக் கிலோ அரிசி!

கயிறு கட்டிய மூட்டை போகுமா?

டெல்டாவிலிருந்து கடல் தாண்டுவது புதிதில்லை. 1926-ல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. அந்தக் காலத்தில் டிரங்குப் பெட்டி. பிறகு அட்டைப்பெட்டியில் நைலான் கயிறு கட்டி, மார்க்கர் பேனாவில் பெயரும் ஊரும் எழுதுகிற பழக்கம் வந்தது. இன்றும் திருச்சியில் இதைப் பார்க்கலாம்.

இப்போது பெட்டிகளை நகர்த்துவது கன்வேயர் பெல்ட்டும் இயந்திரமும். உருண்டையான, தட்டையான பக்கமே இல்லாத மூட்டைகளை ஏற்க மாட்டோம் என்று துபாய் விமான நிலையம் 2017 மார்ச்சில் அறிவித்தது. இயந்திரத்தில் அவை சிக்கிக்கொள்வதுதான் காரணம். கயிற்றின் தொங்கும் நுனிக்கும் இதே ஆபத்து உண்டு. அட்டைப்பெட்டிதான் என்றால் பேக்கிங் டேப்பால் சுற்றுங்கள், ஒரு பக்கமாவது தட்டையாக இருக்கட்டும்.

அரிசியும் குத்துவிளக்கும் எங்கே வைப்பது?

அரிசி மாதிரி கனமானதைச் சக்கரத்துக்குப் பக்கத்தில், அதாவது பெட்டியை நிறுத்தினால் அடியில் வரும் இடத்தில் வையுங்கள். மேலே வைத்தால் இழுக்கும்போது கைப்பிடிக் குழாய்தான் அந்தச் சுமையைத் தாங்க வேண்டும்.

நாச்சியார்கோவில் குத்துவிளக்கு வாங்கிப் போகிறவர்கள் பலர். பித்தளை கனம், முனை கூர்மை. ஓட்டை ஒட்டி வைத்தால், ஒரே ஒரு அடியில் உள்ளிருந்தே விரிசல் விழும். பாகங்களைக் கழற்றி, தனித்தனியாகத் துண்டில் சுற்றி, துணிகளுக்கு நடுவில் வையுங்கள்.

பரணில் இருந்த பெட்டியா? ஜாக்கிரதை!

வெளிநாட்டிலிருந்து வந்தவர் பெட்டியைப் பரணில் போட்டுவிடுவார். இரண்டு வருஷம் கழித்து எடுத்தால் பளபளவென்று இருக்கும். தெருமுனை தாண்டுவதற்குள் சக்கரம் தூள்தூளாக உதிரும். பல சக்கரங்களின் மேற்புறம் பாலியூரித்தேன். ஈரக்காற்றும் சூடும் சேர்ந்தால் அது மெதுவாகச் சிதைந்துபோகும். ரொம்ப நாள் வைத்திருந்த ஷூவின் அடிப்பாகம் உதிர்வதும் இதனால்தான். வயல் சூழ்ந்த ஊர்களில் ஈரப்பதத்துக்குக் கேட்க வேண்டுமா?

எனவே பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே பெட்டியை எடுத்து, அரிசிப் பையை உள்ளே வைத்து, தெருவில் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். ஜிப் இறுகியிருந்தால் மெழுகுவர்த்தியை மேலே தேய்த்தால் போதும். ரன்னர் தேய்ந்திருந்தால், பை தைக்கிற கடையில் அதை மட்டும் மாற்றலாம். அதற்காகப் புதுப் பெட்டி வாங்க வேண்டாம்.

விமானத்தில் உடைந்தால் என்ன செய்வது?

பலர் பணத்தை இழப்பது இங்கேதான். உடைந்த பெட்டியைப் பார்த்து, 'சரி, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்' என்று வெளியே வந்துவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள்.

* பெட்டி எடுக்கும் ஹாலைவிட்டு வெளியே வரும் முன்பே, விமான நிறுவனத்தின் பேக்கேஜ் கவுன்ட்டரில் புகார் கொடுத்து, அதன் நகலை வாங்குங்கள்.
* பெட்டியையும் அதில் ஒட்டிய டேக்கையும் சேர்த்துப் படம் எடுங்கள். போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள்.
* சர்வதேசப் பயணத்துக்கு மான்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்தும். 2009 முதல் இந்தியாவும் இதில் இருக்கிறது. அதன்படி, சேதம் என்றால் பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள்ளும், தாமதம் என்றால் 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் செய்ய வேண்டும்.

புகார் இல்லாமல் வாங்கிக்கொண்டால், பெட்டி நல்ல நிலையில் வந்து சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். இன்னொன்று, பெட்டியின் தரக்குறைவாலேயே வந்த சேதத்துக்கு விமான நிறுவனம் பொறுப்பில்லை என்றும் அந்த ஒப்பந்தம் சொல்கிறது. மட்டமான பெட்டி வாங்கினால் இழப்பீடு கேட்கும்போதும் அது நம்மையே கடிக்கும்.

கடையில் சொல்லும் வாரன்ட்டி என்பது பெரும்பாலும் தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான். விமானத்தில் உடைந்ததற்கு அல்ல. பில்லை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாரன்ட்டிக்குள் குறை இருந்தும் கடைக்காரர் தட்டிக்கழித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

கடைசியாக, ஒரு கணக்கு

உதாரணத்துக்கு, மாதம் 2 முறை ஊருக்குப் போய் வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 1,800 ரூபாய் பெட்டி ஒரு வருஷம் வந்தால், 24 பயணம். ஒரு பயணத்துக்கு 75 ரூபாய். 5,400 ரூபாய் பெட்டி 5 வருஷம் வந்தால், 120 பயணம். ஒரு பயணத்துக்கு 45 ரூபாய்தான். ஆனால் வருஷத்துக்கு ஒரே ஒரு முறை போகிறவர் 5,400 கொடுக்க வேண்டிய அவசியமில்லை. அவருக்குச் சாதாரணப் பெட்டியே பல வருஷம் வரும்.

அதனால் கடைக்குள் போகும் முன் பிராண்டை யோசிக்காதீர்கள். வருஷத்துக்கு எத்தனை பயணம், எந்த வழி, எவ்வளவு கனம்? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்கு, பெட்டியைத் திறந்து சக்கரத்தின் ஸ்குரூவைப் பாருங்கள். என் புதுப் பெட்டியை நான் அப்படித்தான் வாங்கினேன். 'இதையெல்லாம் யாருமே பார்க்க மாட்டாங்களே' என்றார் கடைக்காரர்.