குமார் ராக்கரின் தோளும் நம்ம வீட்டு மார்க் ஷீட்டும்

அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கிற நம்மவர்களில் பலருக்கு பேஸ்பால் என்றால் ஆபீஸில் தலையாட்டிக் கேட்கிற பேச்சு. இல்லையென்றால் சனிக்கிழமை காலையில் பிள்ளையை மைதானத்தில் இறக்கிவிடுகிற வேலை. ஆனால் அந்த ஆட்டத்தில் ஒரு இளம் பிட்சரை எப்படி எடை போடுகிறார்கள் என்று கவனித்தால், பிள்ளை வளர்க்கிற நமக்கும் அதில் விஷயம் இருக்கு.

குமார் ராக்கரை எடுத்துக்கொள்வோம். பெயரைக் கேட்டதும் நம்ம காது நிமிரும். அம்மா வழியில் இந்திய வம்சாவளி. அப்பா டிரேசி ராக்கர், அமெரிக்கக் கால்பந்தில் பெயர் வாங்கியவர். 2019 ஜூனில், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் முதல் வருட மாணவராக இருந்தபோது, டியூக் அணிக்கு எதிராக ஒரு ஹிட் கூட கொடுக்காமல் 19 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார் குமார். நாடே திரும்பிப் பார்த்தது.

2021 டிராஃப்டில் நியூயார்க் மெட்ஸ் அவரை 10வது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. 60 லட்சம் டாலர் பேசி முடித்ததாகச் செய்தி வந்தது. அதன்பிறகு நடந்த மருத்துவப் பரிசோதனையில் அணிக்குச் சந்தேகம் வர, ஒப்பந்தமே போடாமல் விட்டுவிட்டார்கள். 21 வயசுப் பையன், கையில் ஒன்றும் இல்லாமல் நின்றான்.

ஸ்கவுட் என்ன பார்க்கிறார்?

ஸ்கவுட்டுகள் மார்க் போடுவது 20 முதல் 80 வரை. 50 என்றால் மேஜர் லீகில் சராசரி. ஃபாஸ்ட்பால், ஸ்லைடர், சேஞ்ச்அப் என்று ஒவ்வொரு பந்துக்கும் தனி மார்க். நினைத்த இடத்தில் போடும் திறமைக்கு இன்னொரு மார்க். இதில் எனக்குப் பிடித்தது, ஒரே திறமைக்கு இரண்டு எண் எழுதுவார்கள். ஒன்று இன்றைக்கு இருப்பது. மற்றொன்று வளர்ந்தபின் எட்டக்கூடியது. 40 என்று இன்று எழுதிய அதே கையால் பக்கத்திலேயே 60 என்று எழுதலாம்.

அடுத்து மைனர் லீக். சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்று நாலு படி. ஒரு பிட்சர் எத்தனை ரன் கொடுத்தார் என்பதை மட்டும் வைத்து இங்கே முடிவு கட்ட மாட்டார்கள். பின்னால் நிற்கும் ஃபீல்டர் பந்தை விட்டாலும் ரன் ஏறும். அதனால் எத்தனை பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார், எத்தனை பேரை வாக் விட்டார், அந்தப் படியில் இருப்பவர்களோடு ஒப்பிட்டால் அவர் வயசு என்ன என்று பார்ப்பார்கள். டபுள்-ஏயில் 20 வயசுக்காரர் திணறுவதும் 25 வயசுக்காரர் திணறுவதும் ஒன்றில்லை.

வேகம் மட்டும் போதுமா? 2008ல் இந்தியாவில் நடந்த ஒரு டிவி போட்டியில் வேகமாக எறிந்த ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணியோடு ஒப்பந்தம் செய்தார்கள். அந்தக் கதை ஏ.ஆர். ரஹ்மான் இசையில் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்று படமாகவும் வந்தது. ஆனால் இருவருமே மேஜர் லீகை எட்டவில்லை. மணிக்கு எத்தனை மைல் என்று கருவி காட்டுவது ஒரு எண். மீதிப் படிகளை ஏற வேறு பல வேண்டும்.

யார் சொன்னது சரி?

குமார் தோளில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். 2022ல், பெரிய அணிகளோடு சம்பந்தமில்லாத ஒரு சின்ன லீகில் போய் எறிந்தார். அதே வருடம் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அவரை 3வது ஆளாக எடுத்து 52 லட்சம் டாலர் கொடுத்தது. 2023ல் முழங்கை போச்சு. டாமி ஜான் என்கிற பெரிய அறுவை சிகிச்சை. 'பார்த்தியா, மெட்ஸ் சொன்னது சரிதான்' என்றார்கள். 2024 செப்டம்பரில் சியாட்டிலில் மேஜர் லீக் அறிமுகம். 4 இன்னிங்ஸில் 7 ஸ்டிரைக் அவுட். இப்போது 'ரேஞ்சர்ஸ்தான் சரி' என்றார்கள். 2025ல் மறுபடி சறுக்கி, மறுபடி டிரிபிள்-ஏ.

என்னைக் கேட்டால் இரண்டு அணியும் சரிதான். ஒன்று ஆபத்தை எடை போட்டது, இன்னொன்று வாய்ப்பை எடை போட்டது. இரண்டுமே அந்தப் பையனுக்குள் இருந்தது.

நம்ம வீடுகளில் மார்க் ஷீட்டைப் பார்க்கும்போது இன்றைய எண்ணை மட்டும்தானே பார்க்கிறோம்? அதையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் எண்ணோடு வைத்து! ஸ்பெல்லிங் பீயில் ஒரு எழுத்து தப்பினால் வீடே துக்க வீடு ஆகிவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிட்சர்களின் காயங்கள் பற்றி 2024 டிசம்பரில் எம்எல்பியே வெளியிட்ட ஆய்வு, வேகத்தைத் துரத்துவதுதான் கைகளைக் கெடுக்கிறது என்றது. சிறுவர்களுக்கென்று 'பிட்ச் ஸ்மார்ட்' என்ற வழிகாட்டியும் இருக்கு. 9, 10 வயசுக்கு ஒரு நாளில் 75 பந்துக்கு மேல் கூடாது. 11, 12 வயசுக்கு 85. அந்த வயசில் வருடத்தில் குறைந்தது நாலு மாதம் எறியாமல் கைக்கு ஓய்வு வேண்டும். பயிற்சியாளர் எண்ணாவிட்டால் நாம் எண்ணலாம். வேலிக்கு வெளியே நாற்காலி போட்டு சும்மாதானே உட்கார்ந்திருக்கிறோம்!

பேஸ்பாலோ, கணக்கோ, வீணையோ, பிள்ளையைப் பற்றி மனசில் மார்க் போடும்போது ஸ்கவுட் மாதிரி இரண்டு எண் எழுதுங்கள். இரண்டாவது எண்ணைப் பென்சிலில் எழுதுங்கள். ஸ்கவுட்டுகளே அதை அடிக்கடி அழித்துத்தான் எழுதுகிறார்கள்.