வாழை நோயைப் படம் எடுக்க பூக்குறியா, மலைக்குறியா?

சாயர்புரம், ஏரல் பகுதிகளில் வாழையில் நோய் கண்டால் இலையைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரிக்குச் செல்வோர் உண்டு. போய்ச் சேர்வதற்குள் இலை சுருண்டுவிடும். வீட்டில் சிறிய டிஜிட்டல் காமிரா இருந்தால் படமும் எடுத்துச் செல்வது நல்லது. ஆனால் மங்கலான படத்தைப் பார்த்து யாரும் மருந்து சொல்ல முடியாது.

காமிராவில் பூ வரைந்த குறி ஒன்றும், மலை வரைந்த குறி ஒன்றும் இருக்கும். பூ கிட்டத்துக் காட்சிக்கு, மலை தூரக் காட்சிக்கு.

சாதாரண நிலையில் பல சிறு காமிராக்கள் ஒரு முழத்துக்கும் கிட்டே உள்ள பொருளைத் தெளிவாகப் பிடிப்பதில்லை. பூக்குறியில் வைத்தால் சில அங்குலம் வரை நெருங்கலாம். இலைப்புள்ளி நோய்க்கு இதுவே ஏற்றது. இலை நரம்பை ஒட்டி ஓடும் மஞ்சள் கோடுகளும், பழுப்புப் புள்ளியின் நடுவே தெரியும் சாம்பல் நிறமும் எட்ட நின்று எடுத்தால் தெரியாது. ஜூம் செய்யாமல் காமிராவையே அருகில் கொண்டு செல்ல வேண்டும். பொத்தானைப் பாதி அழுத்தி, காட்சி தெளிந்தபின் முழுதும் அழுத்த வேண்டும். காற்றில் இலை ஆடினால் ஒருவர் பிடித்துக்கொள்ளலாம். பிளாஷ் வேண்டாம், இலை வெளுத்துத் தெரியும். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தால் புள்ளியின் அளவு விளங்கும்.

வாடல் நோய்க்கு இது மட்டும் போதாது. அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பில் ஒடிந்து தொங்கும். தண்ணீர் குறைந்தாலும் அடி இலை மஞ்சளாவதுண்டு. தோட்டம் முழுவதும் அப்படியா, அங்கொன்றும் இங்கொன்றுமாகவா என்று காட்ட மலைக்குறியில் வைத்து வரப்பிலிருந்து ஒரு படம் எடுக்க வேண்டும். சந்தேகமான மரத்தின் கிழங்கை வெட்டி, உள்ளே செம்பழுப்பு நிறம் இருந்தால் அதைப் பூக்குறியில் எடுக்கலாம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணிக் கரைத் தோட்டங்களில் வெள்ளம் புகுந்தது. அத்தகைய சேதத்தைக் காட்டவும் மலைக்குறிதான். பம்புசெட் அறையோ, பனைமரமோ சேர்ந்து விழும்படி எடுத்தால் யாருடைய வயல் என்பதில் தகராறு வராது. வெறும் தண்ணீரை மட்டும் எடுத்தால் அது எந்த வயலாகவும் இருக்கலாம்.

பலரும் செய்யும் தவறு, குறியை மாற்ற மறப்பது. மலைக்குறியிலேயே இருந்துவிட்டால் கையருகே உள்ள இலை மங்கிவிடும். காமிராவில் தேதி சரியாக இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பேட்டரி தீர்ந்து பல நாள் கிடந்த காமிராவில் தேதி பழையபடி முதலிலிருந்து தொடங்கும்.