தீராத நோயும் தீர்ந்துபோகும் தேதியும்

சில நோய்கள் விருந்தாளியைப் போல் வந்து நாலு நாள் தங்கிப் போய்விடுகின்றன. வேறு சில, வீட்டுக்கு உடையவரைப் போலவே நிலைத்துவிடுகின்றன. சிறுநீரகம் செயலற்றுப் போனவருக்கு வாரத்தில் இரண்டு மூன்று முறை இரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டும். தலசீமியா கண்ட குழந்தைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை பிறர் இரத்தம் ஏற்ற வேண்டும். ஆயுள் பரியந்தம் நடக்கவேண்டிய இந்த வைத்தியத்தைக் கைப்பொருளைக் கொண்டு எந்தக் குடும்பம் தாங்கும்?

இதற்குச் சர்க்கார் வழி செய்யாமல் இல்லை. 2009-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய காப்பீட்டுத் திட்டம், 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாயிற்று; 2018-ல் மத்திய சர்க்கார் திட்டத்தோடு இணைந்து, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்றாயிற்று. 72,000 ரூபாயாயிருந்த வருமான வரம்பும் பின்னர் 1,20,000 ஆக உயர்ந்தது. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தலசீமியா, ஹீமோபிலியா முதலியவற்றையும் சேர்த்து 21 வகைகளை ஏற்றுக்கொண்டது.

ஆனால் எங்கள் பேராவூரணி கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பிரதேசம். மேட்டூரில் தண்ணீர் திறந்த செய்தியைப் பத்திரிகையில் படித்த மாத்திரத்தில் எங்கள் வயல் நனைந்துவிடாது. நடுவிலுள்ள மதகுகளும் திறந்திருக்க வேண்டும். வைத்திய உதவிக்கும் மதகுகள் உண்டு. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகிய மூன்றிலும் பெயர் ஒத்திருக்க வேண்டும். காப்பீட்டு அட்டைக்குத் தஞ்சாவூர்க் கலெக்டர் கச்சேரிக்குப் போவதென்றால் 60 கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம். தற்காலிக ஊனச் சான்றின் கெடு முடிந்தால் மறுபடியும் டாக்டர்கள் முன் நிற்க வேண்டும். நோய் அப்படியே இருக்கிறது. சீட்டின் தேதிதான் தீர்ந்துபோகிறது!

பொதுப் பணத்துக்குக் கணக்குப் பார்க்கவேண்டியது நியாயமே. வருமானம் மாறலாம்; சில நோய்கள் குணமாகலாம். ஆனால் அந்தச் சோதனையின் பாரத்தைப் படுக்கையில் கிடப்பவர் சுமப்பதா? பென்ஷன்காரர்கள் உயிரோடிருப்பதை மெய்ப்பிக்க 2014-ல் ஜீவன் பிரமாண் என்னும் ஏற்பாடு வந்தது; தபால்காரரே வீடு தேடி வந்து பதிவு செய்வதும் நடைமுறைக்கு வந்தது. 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரைகளை வாசற்படிக்கே கொண்டுசென்றது. மாத்திரை போகும் வழியில் சீட்டும் போகக் கூடாதா? மாறாத குறைக்கு நிரந்தரச் சான்று தரச் சட்டத்தின் விதிகளே இடம் கொடுக்கின்றன; அதைத் தயங்காமல் கொடுத்தால் பாதி அலைச்சல் தீரும்.

அதுவரை நாம் செய்யக்கூடியதும் உண்டு. நோயாளி இருக்கும் வீட்டில், சான்றுகளின் கெடு தேதியை நாட்காட்டியில் குறித்து, இரண்டு மாதம் முன்னதாகவே காரியத்தைத் தொடங்க வேண்டும். எழுத்தறிந்த வாலிபர்கள் அண்டை வீட்டாரின் விண்ணப்பத்தையும் எழுதிக் கொடுக்கட்டும். தக்க காலத்தில் வைத்தியம் மறுப்பது உயிர்வாழும் உரிமையை மறுப்பதாகும் என்று சுப்ரீம் கோர்ட்டு 1996-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. உரிமையைக் கேட்கப் போகிறவர் தலைகுனிந்து போகவேண்டியதில்லை.