மழைக்கு எதற்கு மூன்று நிறம்?

ஐப்பசி பிறந்தால் எங்கள் சிறுவாச்சூர்த் தாய்மார்கள் கேட்கும் முதல் கேள்வி, "நாளைக்கு ஸ்கூல் லீவா?" என்பதுதான். லீவு விடுவது வானிலைக்காரர்கள் இல்லை, சகோதரிகளே! சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் மாவட்டவாரியாக எச்சரிக்கை தரும், முடிவெடுப்பவர் கலெக்டர். அவர் சட்டென்று புரிந்துகொள்ளத்தான் இந்த நிறங்கள். மஞ்சள் என்றால் கவனம். ஆரஞ்சு என்றால் தயாராக இருக்கணும். சிவப்பு என்றால் உடனே செயலில் இறங்கணும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. தென்னைகளைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் முன்கூட்டியே எச்சரிக்கை வந்ததால் 80 ஆயிரம் பேருக்கு மேல் முகாம்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

நம் பக்கம் கடல் இல்லை. ஏரியும் ஓடையும் இடியும் உண்டே! 'ஆரஞ்சு' என்று காதில் விழுந்ததுமே குடிதண்ணீரைப் பிடித்து வையுங்கள். குழந்தையின் மருந்து, டார்ச் லைட், ரேஷன் கார்டு எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். இடி இடித்தால் பருத்திக் காட்டில் நிற்க வேண்டாம். மரத்தடியில் ஒதுங்கவே வேண்டாம். வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தால் 1077-க்குப் போன் செய்யுங்கள்; அது மாவட்டக் கட்டுப்பாட்டு அறை.

சொன்ன மழை சில சமயம் வராமலும் போகும். "சும்மா பயமுறுத்தினாங்க" என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். பிடித்து வைத்த தண்ணீர் வீணாகாது; பிள்ளைகளைப் பத்திரமாக வைத்துக்கொண்டதும் வீணில்லை.